வாளி எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நிகழ்ச்சி நிரலைப் பார்த்திருப்பீர்கள். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், மொட்டை மாடி நீர்க்கசிவு, பெயின்ட் அடிப்பதற்கான மதிப்பீடு. இவற்றுக்கு நடுவில் ‘கடலில் எண்ணெய்க் கசிவு’ என்று ஒரு தலைப்பு. “நம்ம அபார்ட்மென்டுக்கும் கடலுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று காலையில் பால் வாங்கும்போதே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. பதிலை நம் கார் நிறுத்துமிடத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. ஊரே மிதந்தது. நம் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் ஜெனரேட்டர் அறையில் வைத்திருந்த டீசல் கேன் ஒன்று கவிழ்ந்தது. மொத்தம் 20 லிட்டர்கூட இருக்காது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் பார்க்கிங் முழுவதும் வானவில் நிறத்தில் ஒரு படலம். பைக் சீட், படிக்கட்டு, சுவர், எல்லாவற்றிலும் அந்த வழவழப்பு. சம்ப் தண்ணீரில் டீசல் வாடை போக எத்தனை வாரம் ஆனது என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.

அன்று நாம் என்ன செய்தோம்? யாருக்குப் போன் செய்வது என்று தெரியவில்லை. ஒருவர் சோப்புத் தூளைக் கொட்டச் சொன்னார். இன்னொருவர் மரத்தூள் வாங்கி வரச் சொன்னார். வெள்ளத்தில் மரத்தூளுக்கு எங்கே போவது? கடைசியில் வாட்ச்மேனும் நம் பிள்ளைகள் நாலு பேரும் வாளியில் அள்ளி வெளியே ஊற்றினார்கள். வெளியே என்றால் எங்கே? தெருச் சாக்கடைக்கு. அங்கிருந்து ஓடைக்கு. ஓடையிலிருந்து கடலுக்கு. நாம் செய்த தவறு இது. நானும் அதில் ஒருவன்.

அந்தக் கேனை உயரமான பலகையில் வைத்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அதைக் கேட்க வேண்டிய நேரம் மழைக்கு முன்னால். நாம் கேட்கவில்லை. இதுதான் என் பேச்சின் மொத்தச் சாரம். இனி இதையே கடல் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்போம்.

நம் வாசலில் இருக்கும் கடல்

நம்மில் பாதிப் பேருடைய சம்பளம் ஏதோ ஒரு வழியில் துறைமுகத்திலிருந்து வருகிறது. நானும் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. இன்று அவர் பெயரைத் தாங்கிய துறைமுகத்துக்கு நிலக்கரி வருகிறது, கன்டெய்னர் வருகிறது, பெட்ரோலியப் பொருட்களும் சமையல் எரிவாயுவும் அமிலங்களும் வருகின்றன. இங்கே யாரும் துறைமுகம் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எண்ணெய் ஏற்றி வரும் கப்பலில் மட்டும்தான் எண்ணெய் இருக்கிறது என்பதில்லை. நிலக்கரிக் கப்பலோ கன்டெய்னர் கப்பலோ, எதுவானாலும் அது ஓடுவதற்கு எரிபொருள் வேண்டும். பெரிய கப்பல்களின் தொட்டிகளில் அது நூற்றுக்கணக்கான டன் இருக்கும். அதில் பலவும் ஃபர்னஸ் ஆயில் போன்ற கனத்த எண்ணெய். டீசல் சிந்தினால் ஒரு பகுதி ஆவியாகிவிடும். இந்தக் கனத்த எண்ணெய் அப்படிப் போகாது. தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவதற்கு இங்கே என்னவெல்லாம் இருக்கிறது? துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவிக்கப்பட்டது. மொத்தம் 21 தீவுகள். வான் தீவு, காசுவார் தீவு, காரியாச்சல்லி, விலாங்குச்சல்லி ஆகியவை நம் தூத்துக்குடிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. விலாங்குச்சல்லி ஏற்கெனவே கடலுக்குள் மூழ்கிவிட்டது. மற்றவையும் தேய்ந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறை, கடல் புல். தெற்கே புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு. எண்ணெய் போனால் கழுவி எடுக்கவே முடியாத இடங்களில் அலையாத்தி முதலிடம். வேரைச் சுற்றியிருக்கும் சேற்றுக்குள் எண்ணெய் இறங்கிவிட்டால், அதை எடுக்க மனிதர்கள் உள்ளே நடப்பதே காட்டை மேலும் கெடுக்கும்.

அப்புறம் உப்பளங்கள். கடல்நீரை நம்பி நடக்கும் தொழில்கள். குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் அனல்மின் நிலையம். திரேஸ்புரத்திலும் தருவைகுளத்திலும் விடியற்காலையில் கரையேறும் மீன், அதாவது நம் வீட்டு மதியக் குழம்பு.

“முத்துக்குளிப்புதான் 1961-ஓடு நின்றுவிட்டதே, முத்துப் பார் எல்லாம் பழைய கதை” என்று சிலர் சொல்கிறார்கள். குளிப்புதான் நின்றது. சிப்பி இனம் அழிந்துவிடவில்லை. இங்கேயுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில்தான் 1973-இல் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டினார்கள். முத்துச்சிப்பி தன் உணவைக் கடல்நீரை வடிகட்டியே எடுக்கிறது. தண்ணீரில் எது கலந்தாலும் அதன் உடம்புக்குள் போகும். அதன் குஞ்சுகளோ நீரோட்டத்தில் மிதந்து வந்துதான் பாரில் ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் எண்ணெய்ப் படலம் வந்தால் ஒரு தலைமுறையே போயிற்று.

சங்கு குளிக்கப் போகிறவர்கள் இன்றும் திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள். எனக்குப் பழக்கமான ஒரு அண்ணாச்சி அந்தத் தொழிலில் தலை நரைத்தவர். எண்ணெய்க் கசிவு பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அவர் சொன்னார்: “சார், கடல் கெட்டா முதல்ல எங்களுக்குத்தான் தெரியும். ஆனா எங்ககிட்ட கடைசியிலதான் கேப்பாங்க.”

பக்கத்தில் நடந்தவை

நம் கரையில் பெரிய கசிவு நடக்கவில்லையே என்று நிம்மதியாக இருக்கலாம். கொஞ்சம் வடக்கே பாருங்கள்.

2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று எரிவாயுக் கப்பல், இன்னொன்று பெட்ரோலியப் பொருட்கள் ஏற்றி வந்த ‘டான் காஞ்சிபுரம்’. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. அடுத்த நாட்களில் கறுப்புக் குழம்பு கரை கரையாக ஒதுங்கியது. திருவொற்றியூரைத் தாண்டித் தெற்கே மெரினா வரை போனது. உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். குழம்பு கெட்டியாக இருந்ததால் அவை திணறின. பிறகு நாடே தொலைக்காட்சியில் பார்த்த காட்சி: மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாக அள்ளினார்கள். சென்னையில் மீன் வாங்க ஆள் இல்லை. எண்ணெய் படாத மீனையும் சந்தேகத்தில் யாரும் தொடவில்லை.

அந்த வாளிகளைப் பிடித்த பிள்ளைகளின் நல்ல மனசுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ஒரு பெருநகரத்தின் வாசலில் இருக்கும் துறைமுகத்தில் வாளிதான் கடைசிக் கருவி என்றால், அதற்கு முன் எத்தனை கேள்விகளைக் கேட்காமல் விட்டிருக்கிறோம்!

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் நாகூருக்குப் பக்கத்தில் பட்டினச்சேரி. கடலோரத்தில் பதித்திருந்த கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. எண்ணெய் வாடை தாங்காமல் மீனவக் கிராமங்கள் போராட்டத்தில் இறங்கின. குழாயையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

அதே ஆண்டு டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியது. வீட்டுச் சுவர், வலை, படகு, கூழைக்கடா எல்லாவற்றிலும் கறுப்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மிகவும் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பம் ஒன்றுக்கு 12,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. வலையும் படகும் போய், மாதக்கணக்கில் தொழிலும் போனவர்களுக்கு அது எத்தனை நாள் வரும்? அங்கேயும் மீனவர்கள்தான் படகில் போய்க் கையால் அள்ளினார்கள்.

இது நடந்து சரியாக இரண்டு வாரத்தில்தான் நம் பார்க்கிங்கில் டீசல் கேன் கவிழ்ந்தது. வெள்ளமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று செய்தியில் பார்த்துக்கொண்டே இருந்தோம். நம் ஜெனரேட்டர் அறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

தெற்கேயும் மேற்கேயும் பாருங்கள். 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்குக் கடலில் ‘நியூ டயமண்ட்’ தீப்பிடித்தபோது அதில் ஏறத்தாழ 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய் இருந்தது. சரக்குத் தொட்டிகளுக்குத் தீ பரவாமல் தடுத்துவிட்டார்கள். அது பெரிய பாக்கியம். 2021-இல் கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ எரிந்து மூழ்கியது. 2025 மே 25-ஆம் தேதி கொச்சிக்கு வெளியே ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ மூழ்கியபோது அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரியைக் கடந்து தனுஷ்கோடி வரை வந்து ஒதுங்கின. நீரோட்டத்துக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, நாட்டு எல்லையும் தெரியாது.

அலாஸ்காவில் கற்ற பாடம்

கசிவுக்குப் பிறகு ஒரு கடற்கரை மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் அலாஸ்கா.

1989 மார்ச் 24, நள்ளிரவுக்குச் சற்றுப் பின். ‘எக்ஸான் வால்டெஸ்’ என்ற கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. சுமார் 2,000 கிலோமீட்டர் கடற்கரை கெட்டது. திட்டம் இல்லாமலா இருந்தது? இருந்தது. சில மணி நேரத்தில் கருவிகளோடு தெப்பக் கப்பல் அங்கே போய்ச் சேரும் என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். அன்று அந்தத் தெப்பக் கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தது. கருவிகளை இறக்கி வைத்திருந்தார்கள். போய்ச் சேரச் சுமார் 14 மணி நேரம் ஆயிற்று.

போன மாதம் நம் பி பிளாக்கில் தீயணைப்பு சிலிண்டர்களைப் பார்த்தோம். சுவரில் அழகாக மாட்டியிருந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தால் இரண்டுக்குத் தேதி முடிந்து எட்டு மாதம். யாரும் ஏமாற்றவில்லை. யாரும் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அலாஸ்காவிலும் அதேதான்.

அந்த விபத்தை விசாரித்தவர்கள் கண்ட முக்கியமான காரணங்களில் ஒன்று அலட்சியம். பல ஆண்டுகள் ஒன்றும் நடக்காததால் கம்பெனியும் தளர்ந்தது, அரசும் தளர்ந்தது. தளராமல் இருக்கக்கூடியவர்கள் யார்? கசிந்தால் பிழைப்பை இழக்கப்போகிறவர்கள். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் சல்லம் வோ என்ற எண்ணெய் முனையத்தில் உள்ளூர் மக்களோடு கலந்து பேசும் ஏற்பாடு முன்பே இருந்தது. அதைப் பார்த்து அலாஸ்காவில் மக்கள் ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தார்கள். 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த எண்ணெய் மாசுச் சட்டத்திலும் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள்? கடலோர ஊர்களின் பிரதிநிதிகள், மீனவர் சங்கம், மீன் வளர்ப்போர், பழங்குடி மக்கள், சுற்றுலாத் தொழில் செய்வோர், சுற்றுச்சூழல் அமைப்பு. அந்தந்த அமைப்பு தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கும். கம்பெனி தேர்ந்தெடுக்காது. செலவுக்குப் பணம் எண்ணெய் கம்பெனியிடமிருந்து வருகிறது. ஆனால் குழுவின் வேலையில் கம்பெனி தலையிடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் குழு தனக்கென்று நிபுணர்களை வைத்துக்கொள்கிறது. “கருவி வேலை செய்கிறது” என்று கம்பெனி சொன்னால், ஒத்திகையில் தானே போய் நின்று பார்த்து அறிக்கை எழுதுகிறது.

இந்தக் குழுவுக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. ஆலோசனை மட்டும்தான். ஆனாலும் 30 ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எண்ணெய்க் கப்பலோடு துணைக்கு இழுவைக் கப்பல் போகிறதா, இரட்டைச் சுவர்க் கப்பல் வந்துவிட்டதா, மிதக்கும் பனிக்கட்டியைக் கண்டறிய ரேடார் இருக்கிறதா என்று கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். உள்ளூர் மீன்பிடிப் படகுகள் சுமார் 400, கம்பெனியோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் பயிற்சி எடுக்கின்றன. அங்கே மீனவர் கடலில் இறங்கும்போது வாளியோடு இறங்குவதில்லை. பயிற்சியோடும் கையுறையோடும் பேசி முடித்த கூலியோடும் இறங்குகிறார்.

இது நமக்குப் புதிதா?

வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் முத்துக்குளிப்பின் பழைய முறையை எண்ணிப் பாருங்கள். நினைத்த ஆண்டில் குளிப்பை அறிவித்துவிட மாட்டார்கள். முதலில் பார்களைப் பார்வையிட வேண்டும். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முத்துக்களை மதிப்பிட வேண்டும். தேறும் என்றால்தான் அறிவிப்பு வரும். அந்தப் பார்வையிடும் வேலையில் அதிகாரிகளுக்குத் துணையாக அடப்பனார் என்று அழைக்கப்பட்ட உள்ளூர்க் கடலோடிகள் இருந்தார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். நீவாடு என்றால் கடலோடிகள் பேச்சில் நீரோட்டம். காலனி ஆட்சிக்காரர்களே உள்ளூர்க்காரரைக் கேட்காமல் பாரில் கை வைக்கவில்லை. முத்து எடுக்கக் கேட்டவர்கள், முத்துப் பாரைக் காக்கவும் கேட்க வேண்டாமா?

நம் நாட்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது?

ஏற்பாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1996 முதல் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. கடலில் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல் படைக்கு. கசிவை மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். 700 டன்னுக்குக் குறைவு முதல் நிலை. 10,000 டன் வரை இரண்டாம் நிலை. அதற்கு மேல் மூன்றாம் நிலை. முதல் நிலையைச் சமாளிக்கும் கருவிகளைத் துறைமுகங்களும் எண்ணெய் கையாளும் நிறுவனங்களும் தாங்களே வைத்திருக்க வேண்டும். தேசிய அளவில் ஒத்திகையும் நடக்கிறது.

இதில் மக்களுக்கு நாற்காலி எங்கே? அலாஸ்கா மாதிரி சட்டம் போட்டு, பணம் கொடுத்து அமைத்த குழு கிடையாது. ஆனால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. போபால் துயரத்துக்குப் பின் வந்த சட்டங்களின் தொடர்ச்சியாக, 1996-இல் வேதியியல் விபத்துகளுக்கான அவசரகால விதிகள் வந்தன. அவற்றின்படி மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு நெருக்கடிக் குழுவும், அபாயகரமான தொழிற்பகுதிகளுக்கு உள்ளூர் நெருக்கடிக் குழுவும் இருக்க வேண்டும். உள்ளூர்க் குழுவில் அதிகாரிகளும் தொழிற்சாலைக்காரர்களும் மட்டுமல்ல. ஊர்த் தலைவர் ஒருவர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், மருத்துவர்கள் இருவர், சமூக சேவகர்கள் இருவர் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. ஆபத்து பற்றி மக்களுக்கு விளக்குவதும் ஒத்திகை நடத்துவதும் அதன் வேலை. கேட்டால் தகவல் தரவும் வேண்டும்.

இந்த விதி முழுக்க முழுக்கக் கடல் கசிவுக்காக எழுதியதில்லை. ஆனால் கடலில் சேரக்கூடிய எண்ணெயில் ஒரு பங்கு கரையிலுள்ள கிடங்கு, குழாய், தொட்டிகளில்தான் இருக்கிறது. மணலியில் பார்த்தோமே. ஆகவே நாம் தட்ட வேண்டிய முதல் கதவு இதுதான்.

நாம் கேட்க வேண்டியவை

போராட்டம் அல்ல, ஆர்ப்பாட்டம் அல்ல. மரியாதையாக, எழுத்தில், சங்கத்தின் கடிதத்தாளில் ஆறு கேள்விகள்.

ஒன்று. பூம் என்னும் மிதவைத் தடுப்பும், ஸ்கிம்மர் என்னும் எண்ணெய் வழிக்கும் கருவியும் நம் பகுதியில் எங்கே இருக்கின்றன? கடைசியாக எந்தத் தேதியில் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள்? சிலிண்டர் சீட்டைத் திருப்பிப் பார்க்கிற கேள்விதான் இது.

இரண்டு. எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது. புன்னக்காயல் அலையாத்தியா, தீவுகளா, உப்பளக் கால்வாயா, மின்நிலைய நீர்வழியா? முதலில் எது என்று யார் முடிவு செய்திருக்கிறார்கள்? கச்சான் காற்றில் ஒரு பக்கம் போகும் எண்ணெய், வாடைக் காற்றில் வேறு பக்கம் போகும். அந்தக் கணக்கில் கடலோடிகளின் அனுபவம் சேர்ந்திருக்கிறதா?

மூன்று. எண்ணெயைக் கரைக்கும் ரசாயனம் தெளிப்பதற்குக் கடலோரக் காவல் படையின் அனுமதி வேண்டும். தெளித்தால் மேலே இருக்கும் எண்ணெய் சிறு துளிகளாகத் தண்ணீருக்குள் இறங்கும். பார்வைக்குக் கடல் சுத்தமாகும். கீழே பவளமும் சிப்பியும் இருக்கிற ஆழமில்லாத கடலில் அதன் விளைவு என்ன என்று முன்கூட்டியே பேசியிருக்கிறார்களா?

நான்கு. கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள், தமிழில், யார் மக்களுக்குச் சொல்வார்? எண்ணூரில் முதல் நாள் வந்த அறிவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து. உள்ளூர்ப் படகுகளை அழைப்பார்கள் என்றால் எவை, யாருக்குப் பயிற்சி, என்ன கூலி, என்ன காப்பீடு?

ஆறு. அள்ளிய கழிவை எங்கே வைப்பார்கள்? குளத்தங்கரையிலா, உப்பளத்திலா?

இவற்றுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கலாம். பல அதிகாரிகள் அக்கறையாக வேலை செய்கிறவர்கள். இருந்தால் மகிழ்ச்சி, வாங்கி நம் அறிவிப்புப் பலகையில் போடுவோம். இல்லையென்றால் நாம் கேட்டதாலாவது யாரோ ஒருவர் அந்தக் கோப்பைத் திறப்பார். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆலோசனைக் குழு என்ற பெயரில் பொன்னாடையும் போட்டோவும் டீயும் பிஸ்கட்டுமாக முடிந்துபோன கூட்டங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழு அப்படி ஆகாமல் இருக்க மூன்று விஷயம் வேண்டும். உறுப்பினரை அந்தந்த அமைப்பே அனுப்ப வேண்டும். கூட்டக் குறிப்பு எல்லோரும் படிக்கும்படி வெளிவர வேண்டும். குழுவில் துறை தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். கடைசி விஷயத்தில் நம் ஊர் பணக்கார ஊர். மீன்வளக் கல்லூரி இங்கே இருக்கிறது. கடல் ஆராய்ச்சி நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன. ஓய்வு பெற்ற மாலுமிகளும் பொறியாளர்களும் இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர். நம் பிளாக்கிலேயே இரண்டு பேர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. நாம் மாடியில் இருந்து கடலைப் பார்க்கிறவர்கள். கடலில் இறங்குகிறவர்கள் வேறு. மீனவர் சங்கங்களும் உப்பளத் தொழிலாளர்களும் இல்லாமல் நாம் மட்டும் போய் உட்கார்ந்தால், அது அவர்களுடைய நாற்காலியில் நாம் உட்கார்ந்ததாகிவிடும். முதலில் அவர்களிடம் போவோம்.

உங்களிடம் கேட்பது

முடிக்கிறேன். இன்றைக்கே செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, நம் வீடு. ஜெனரேட்டர் டீசல் இனி தரையிலிருந்து நான்கடி உயரத்தில், கசிந்தால் பிடிக்கும் தட்டோடு இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மூட்டை மரத்தூள். வண்டிக்கு மாற்றிய பழைய ஆயிலையும் வடை சுட்ட எண்ணெயையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மழை நாளில் பக்கிள் ஓடை அதைக் கடலில் சேர்த்துவிடும்.

இரண்டாவது, கரையில் எண்ணெய்ப் படலத்தையோ தார்க் கட்டியையோ பார்த்தால் கடலோரக் காவல் படைக்கு 1554, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. நேரமும் இடமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பின்னால் இழப்பீடு கேட்கும் மீனவருக்கு அது சாட்சியாகும். பிள்ளைகளை வெறுங்கையோடு அள்ள அனுப்பாதீர்கள். தோலுக்கும் மூச்சுக்கும் கேடு. உறுதி செய்யாத செய்தியை வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். நல்ல மீன் விற்காமல் அழுகினால் அந்தப் பாவம் நம்மைச் சேரும்.

மூன்றாவது, இந்த ஆறு கேள்விகளையும் கடிதமாக்கி, உள்ளூர் நெருக்கடிக் குழுவில் குடியிருப்போருக்கும் மீனவருக்கும் இடம் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பத் தீர்மானம் ஒன்றை முன்மொழிகிறேன். பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்களும் கையெழுத்துப் போட்டால் நல்லது. கடிதத்தின் நகலோடு நானும் செயலாளரும் அடுத்த ஞாயிறு திரேஸ்புரம் போகிறோம். வர விருப்பமுள்ளவர்கள் காலை ஏழு மணிக்கு கேட் அருகில் வந்துவிடுங்கள்.

நான் சொன்னேனே, சங்கு குளிக்கும் அண்ணாச்சி. அவரிடம் இந்தத் தடவையாவது முதலில் கேட்போம்.



(உரைக்குப் பின் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கடிதத்துக்கு வரும் பதில் அடுத்த இதழில் வெளியிடப்படும்.)